ஈரல் இல்லாத ஈரல்: பலேர்மோ சாப்பாட்டுக் குறிப்புகள்

வியாழன், அக்டோபர் 30

விமான நிலையத்திலிருந்து, இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலேர்மோ நகருக்குள் வர ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. பஸ்ஸில் வந்தோம். நெடுஞ்சாலையில் கப்பாச்சி என்ற ஊரருகே சாலையின் இரு பக்கமும் செந்நிறத் தூண்கள் எழுந்து நிற்கின்றன. 1992 மே 23 அன்று நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயை மாஃபியா குண்டு வைத்துக் கொன்ற இடம் அது. மனைவியும் மூன்று காவலர்களும் அவரோடு இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அவருடைய சகா போர்செல்லீனோவும் கொல்லப்பட்டார். விமான நிலையத்துக்கு இப்போது இந்த இருவரின் பெயர்தான்.

சாப்பாட்டுப் பயணத்தில் இது எதற்கு என்றால், கடை தேடும்போது இது தேவைப்படுகிறது. 'அத்தியோபிட்சோ' என்ற சிறு ஒட்டுவில்லையைச் சில கடைகளின் கண்ணாடிக் கதவில் பார்க்கலாம். மாஃபியாவுக்கு மாமூல் கட்ட மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்ன கடைகள் அவை. 2004இல் இளைஞர்கள் சிலர் தொடங்கிய இயக்கம். இரண்டு கடைகளுக்கு நடுவே எதில் நுழைவது என்று தடுமாறினால் ஒட்டுவில்லை இருக்கும் கடைக்குள் நுழைவது என்று முடிவு செய்துகொண்டோம்.

கூட வந்திருக்கும் தோழி சைவம். கேக்கில் முட்டை இருந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். நான் எதையும் விடாதவள். இப்படி ஒரு ஜோடி, விலங்கின் எந்த உறுப்பையும் வீணாக்காத ஊருக்கு வந்திருக்கிறது. ஆனால் ஊரின் முதல் வாய் அவளுக்குத்தான் அமைந்தது: பனெல்லே.

கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு, அடிபிடிக்காமல் களியாகக் கிண்டி, பார்ஸ்லி இலையைத் தூவி, ஆறவைத்து, மெல்லிய தகடுகளாக வெட்டி எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். உள்ளே காய் இல்லாத பஜ்ஜி என்று நினைத்துக் கடித்தால், ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு வெண்ணெயாகவும் இருக்கிறது. எள் தூவிய வட்ட ரொட்டியைப் பிளந்து நாலைந்து தகடுகளை அடுக்கி, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். 3 யூரோ. எனக்கு ரொட்டி அதிகமாகப் பட்டது, மாவுக்குள் மாவு. ரொட்டி வேண்டாம் என்றால் காகிதப் பொட்டலத்தில் தனியாகத் தருவார்கள், அதுதான் சரி. தோழி ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் வேலைமுடிந்து நின்றிருந்த கட்டடத் தொழிலாளர்கள் எல்லோரும் ரொட்டியோடுதான் சாப்பிட்டார்கள் என்று சுட்டிக்காட்டினாள். நாள் முழுவதும் கல் சுமந்தவர்களுக்கு ரொட்டி வேண்டும்தான்.

உணவகங்களில் இரவு உணவு எட்டு மணிக்கு முன்னால் பெரும்பாலும் கிடைக்காது. எட்டு வரை தூக்கம் தாங்கவில்லை.

வெள்ளி, அக்டோபர் 31

பல்லரோ சந்தை. காலை ஒன்பதுக்குப் போனால் போதும். அதற்கு முன்னால் பாதிக் கடைகள் பந்தலை விரித்துக்கொண்டிருக்கும். அல்பெர்கேரியா பகுதியின் குறுகலான தெருக்களில், சிவப்புத் துணிப் பந்தல்களுக்கு அடியில், வியாபாரிகள் நீட்டி முழக்கி ராகம் போட்டுக் கூவுகிறார்கள். மீன் கடையில் வாள்மீனின் தலை, வாள் வானத்தைப் பார்த்து நிற்கும்படி நட்டு வைக்கப்பட்டிருக்கிறது. உப்பில் புரட்டிய கேப்பர் மொட்டுகள், பத்து வகை ஆலிவ், வெயிலில் காய வைத்த தக்காளி விழுது, சப்பாத்திக்கள்ளிப் பழம். அந்தப் பழத்தைக் கடைக்காரர் கையுறை போட்டுக்கொண்டு முள் எடுத்து, தோலுரித்துக் கையில் தருகிறார். விதை அதிகம், இனிப்பு மிதம். பழக்கடைக்குப் பக்கத்திலேயே வேகவைத்த உருளைக்கிழங்கும் அடுப்பில் சுட்ட முழு வெங்காயமும் பெரிய தட்டங்களில் ஆவி பறக்கக் காத்திருக்கின்றன. வேலைக்குப் போகும் பெண்கள் பாதிச் சமையலை இங்கேயே வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

மதியம் சந்தையை ஒட்டிய ஒரு சிறு உணவகத்தில் உட்கார்ந்தோம். மேசையில் வந்த தட்டுகளைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் சமையலே எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

முதல் தட்டு மத்தி மீன். 'சார்தே அ பெக்காஃபீக்கோ' என்பது முழுப் பெயர். பெக்காஃபீக்கோ என்பது அத்திப்பழம் கொத்தித் தின்னும் ஒரு சிறு பறவை. பிரபுக்கள் அதை வேட்டையாடி, குடலோடு திணித்துச் சுட்டுச் சாப்பிட்டார்கள். வேட்டைக்காடு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? மலிவான மத்தியை முள் நீக்கி விரித்து, வறுத்த ரொட்டித் தூளும் உலர் திராட்சையும் பைன் கொட்டையும் வைத்துச் சுருட்டி, வால் மேலே தூக்கி நிற்கும்படி தட்டத்தில் நெருக்கி அடுக்கினார்கள். பார்த்தால் குந்தியிருக்கும் குருவிகள். நடுநடுவே பிரிஞ்சி இலை, மேலே ஆரஞ்சுச் சாறு. பறவையைத் தின்ற பிரபுக்களும் போனார்கள், அந்தப் பறவைச் சமையலும் போனது. நகல் மட்டும் ஊரெங்கும் இருக்கிறது.

இரண்டாவது, கப்போனாத்தா. பொரித்த கத்தரிக்காய், செலரித் தண்டு, ஆலிவ், கேப்பர், கொஞ்சம் தக்காளி, காடியும் சர்க்கரையும் சேர்ந்த புளிப்பினிப்பு. இதிலும் முதலில் இருந்தது ஒரு விலையுயர்ந்த மீன் என்றும், மீன் வாங்க முடியாதவர்கள் கத்தரிக்காயைப் போட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். சூடாகக் கேட்காதீர்கள். ஒரு நாள் ஊறி, அறைச்சூட்டில் வருவதுதான் ருசி. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சிசிலியப் பிரபு வீடுகளில் 'மொன்சு' என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் பாணிச் சமையல்காரர்கள் இருந்தார்கள். அந்த அடுக்களைகளில் பாத்திரம் கழுவியவர்களும் காய் நறுக்கியவர்களும் வீட்டுக்குப் போய், கையில் இருந்ததை வைத்து அதையே செய்து பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது தட்டுதான் என்னை உட்கார வைத்தது. மெனுவில் 'ஈரல்' என்று இருந்ததால் தோழி அதைத் தாண்டிப் போய்விட்டாள். பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னாலேயே வைத்தாள். பரங்கிக்காய்! தடிமனாக அரிந்து பொரித்து, பூண்டு போட்டு, காடியும் சர்க்கரையும் ஊற்றி, மேலே புதினா இலை. வுச்சிரியா சந்தைப் பக்கம் ஏழு குழாய் வைத்த ஒரு நீரூற்று இருக்கிறது. அதைச் சுற்றி வாழ்ந்த ஏழைகள், பணக்காரர் வீட்டு ஈரல் வறுவலின் வாசனைக்கு ஏங்கி, அதே மசாலாவைப் பரங்கிக்காய்க்குப் போட்டார்களாம். 'ஏழு குழாயின் ஈரல்' என்றே அதற்குப் பெயர். ஓரம் கருகிய பரங்கிக்காயின் நிறமும் மெதுவும் உண்மையிலேயே ஈரலுக்குப் பக்கத்தில் வருகின்றன. தோழி இரண்டாம் தட்டு கேட்டாள். அசல் ஈரலைச் சாப்பிட்டவள் என்ற தகுதியில் சொல்கிறேன், இதுவே மேல்.

மத்தி போட்ட பாஸ்தாவும் இந்த ஊரின் பெருமைதான். காட்டுச் சோம்புக்கீரை, குங்குமப்பூ, திராட்சை, பைன் கொட்டை எல்லாம் சேர்வது. மீன் வாங்கக் காசில்லாத நாளில் மற்றதையெல்லாம் போட்டுச் செய்துவிட்டு, 'மத்தி இன்னும் கடலில் இருக்கிறது' என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மத்தி இல்லாவிட்டாலும் நெத்திலி கரைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. 'சென்சா அச்சூகே' என்று ஒரு முறை சொல்லி வையுங்கள். பாலாடைக்கட்டிக்குப் பதிலாக மேலே தூவுவது வறுத்த ரொட்டித் தூள். அதுவும் காசில்லாத வீட்டு ஏற்பாடுதான், ஆனால் கறுமுறுவென்று வாயில் பேசுகிறது.

மாலை எனக்கான பங்கு: பானி கா மேவுசா. கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிசாகச் சீவி, பன்றிக் கொழுப்பில் புரட்டி ரொட்டியில் வைப்பது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் 'கன்னி', ரிக்கோத்தா, காச்சோகவாலோ என்ற பாலாடைக்கட்டிகளும் சேர்த்தால் 'மணமானது'. 1834 முதல் இருக்கும் பழைய ஃபொக்காச்சேரியா ரொட்டிக் கடையில், சான் பிரான்செஸ்கோ தேவாலயத்துக்கு எதிரே சாப்பிட்டேன். இதன் பூர்வீகம் யூதர்களிடம் இருக்கிறது என்பது ஊர் சொல்லும் கதை. யூதக் கசாப்புக்காரர்கள் மத விதிப்படி அறுப்புக்குக் கூலி வாங்க முடியாது; பதிலுக்கு உள்ளுறுப்புகளை எடுத்துக்கொண்டு, சமைத்துக் கிறித்தவர்களுக்கு விற்றார்கள். 1492இல் ஸ்பெயின் மன்னரின் ஆணை சிசிலி யூதர்களையும் விரட்டியது. சமையல் தங்கிவிட்டது, யூதர் தொடாத பன்றிக் கொழுப்பையும் சேர்த்துக்கொண்டு. ருசி? இரும்பு வாடை தூக்கல். எலுமிச்சை இல்லாமல் இதைச் சாப்பிடுவது தண்டனை. மணமானதே நல்லது.

சனி, நவம்பர் 1

இன்று அனைத்துப் புனிதர் நாள், விடுமுறை. நாளை இறந்தோர் நாள். பலேர்மோவில் இறந்தோர் நாள் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்: குடும்பத்தில் இறந்துபோன தாத்தா பாட்டிகள் இரவில் வந்து பொம்மையும் இனிப்பும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று நம்பி வளர்கிறார்கள். அதனால் இந்த வாரம் இனிப்புக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் வர்ணம் பூசிய சர்க்கரைப் பொம்மைகள், கவசம் அணிந்த வீரர்கள், கிராம்பு மணக்கும் 'இறந்தவர் எலும்பு' பிஸ்கோத்துகள். பிஸ்கோத்து எலும்பைப் போலவே கெட்டி. பல் ஜாக்கிரதை.

எல்லாவற்றிலும் அழகு மர்த்தோரானாப் பழங்கள். பாதாம் மாவையும் சர்க்கரையையும் பிசைந்து செய்த மாதுளை, பிளந்த அத்தி, கறை படிந்த பேரிக்காய், கள்ளிப்பழம். அழுகிய புள்ளிகூடத் தூரிகையால் வைத்திருக்கிறார்கள். 1143இல் கட்டிய சாந்த மரியா தேவாலயத்தை ஒட்டியிருந்த மடத்துக் கன்னியர், பெருமகனார் ஒருவர் வருகிறார் என்று, காய்க்காத மரங்களில் இந்தப் பழங்களைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். நேற்றுப் பரங்கிக்காய் ஈரல், இன்று பாதாம் மாதுளை. ஏழைகள் வயிற்றுக்காக நடித்தார்கள், கன்னியர் விருந்தாளிக்காக. பார்க்கத்தான் அழகு; தின்றால் இரண்டாம் கடியில் திகட்டுகிறது.

பக்கத்திலேயே சாந்தா கதரீனா மடம். உள்முற்றத்தில் ஒரு கடை, பலேர்மோ மடங்களின் பழைய இனிப்புச் செய்முறைகளைத் தேடிப் பிடித்துச் செய்து விற்கிறது. அங்கே கன்னோலி வாங்கினால், பொரித்த மாவுக் கூட்டை எடுத்து நம் கண் முன்னால் ரிக்கோத்தாவை நிரப்பித் தருகிறார்கள். இதுதான் சோதனை. நிரப்பி அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள்; கூடு நமத்திருக்கும். ரிக்கோத்தா செம்மறிப் பாலில் செய்தது, கொஞ்சம் ஆட்டு வாசம் வரும், வரத்தான் வேண்டும். சைவர்களுக்கு இரண்டாம் எச்சரிக்கை: கூட்டின் மாவிலும் பொரிக்கும் கொழுப்பிலும் பன்றி நெய் இருப்பது மரபு. விசாரித்துவிட்டு, தோழி ஒரு கிண்ணம் ரிக்கோத்தாவை மட்டும் கரண்டியால் சாப்பிட்டாள். பழச் சீவல் பதித்த பச்சைக் கஸ்ஸாத்தா கேக்கும் ஒரு துண்டு. அது எனக்குச் சர்க்கரைக் கட்டி.

இந்தச் சர்க்கரைக்கு வரலாறு உண்டு. 831இல் அரபியர் பலேர்மோவைப் பிடித்தார்கள். 1072இல் நார்மன்கள் வரும் வரை நகரம் அவர்கள் கையில். கரும்பு, எலுமிச்சை, கசப்பு ஆரஞ்சு, கத்தரிக்காய், வாய்க்கால் பாசனம் எல்லாம் அவர்கள் வழி வந்தவை. நார்மன் மன்னர்கள் ஆட்சியைப் பறித்தாலும் அரபு அறிஞர்களை விடவில்லை. இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த அல்-இத்ரீசி 1154இல் எழுதி முடித்த புவியியல் நூலில், பலேர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்ற ஊரில் 'இத்ரியா' என்ற மாவு இழைகள் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆவதாகக் குறிப்பிடுகிறார். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து திரும்பியது 1295இல். பாஸ்தாவைக் கொண்டுவந்தது அவர்தான் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்திருங்கள்.

ரோஜர் கட்டிய அரண்மனைச் சிற்றாலயத்தையும் பார்த்தோம். தங்கப் பின்னணி மொசைக் படங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். கழுத்து வலித்தாலும் மரக்கூரையைப் பாருங்கள்: அரபுப் பாணி ஓவியத்தில் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்கள், இசைப்பவர்கள். தேவாலயத்தின் உச்சியில் ஒரு விருந்து.

மாலை தெருவில் ஸ்பிஞ்சோனே. தடித்த பஞ்சு ரொட்டி மேல் வெங்காயம், தக்காளி, நெத்திலி, ரொட்டித் தூள். விற்கும் வண்டி பியாஜியோ ஆப்பே, நம் சாலைகளிலும் சரக்கு ஏற்றி ஓடுவதுதான். இப்போதுதான் அடுப்பிலிருந்து வந்தது என்று ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் கூவிக்கொண்டே இருக்கிறது. ரொட்டியைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. இருந்தாலும் சாப்பிட்டேன்.

ஞாயிறு, நவம்பர் 2

நகரப் பேருந்தில் பெல்லெக்ரீனோ மலைக்குப் போனோம். சுமார் 600 மீட்டர் உயரம். பழைய கல்பாதையில் நடந்தும் ஏறலாம். மேலே பாறைக் குகைக்குள் புனித ரொசாலியாவின் ஆலயம். 12ஆம் நூற்றாண்டில் பிரபு வீட்டை விட்டு வந்து இந்தக் குகையில் தவமிருந்தவர். 1624இல் பிளேக் நகரை அழித்துக்கொண்டிருந்தபோது இங்கே கிடைத்த அவருடைய எலும்புகளை ஊர்வலமாக எடுத்துச் சென்ற பிறகு நோய் தணிந்தது என்பது நம்பிக்கை. குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்க, தகரக் கால்வாய்களைக் குறுக்கும் நெடுக்கும் மாட்டியிருக்கிறார்கள்.

பேருந்திலேயே தமிழ் கேட்டது. 1980களிலிருந்து போரால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்கள் இந்த நகரில் பெரிய எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். கத்தோலிக்கர், இந்துக்கள் என்ற வேறுபாடில்லாமல் ஞாயிறுகளில் ரொசாலியாவிடம் வருகிறார்கள். இதைப் பற்றிப் படித்திருந்தேன். குகைக்குள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணாடிக் கூண்டின் முன்னால் நெற்றி படக் கும்பிடும் பாட்டியைப் பார்த்தபோது படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நீங்கள் இந்தியாவோ, பிள்ளை?" என்று வெளியே ஓர் அம்மா கேட்டார். பருத்தித்துறைக்காரர். ஒரு வயதான பலேர்மோப் பெண்மணியைக் கவனித்துக்கொள்ளும் வேலை, கணவருக்கு உணவகச் சமையலறையில். அவர் கையால் நல்ல கப்போனாத்தா வரும் என்றார். "முதலாளி ருசி பார்க்கிறதே இல்லை." கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மரக்கறி ரோல்ஸ் நீட்டினார். ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது, உள்ளே உருளைக்கிழங்கும் மிளகும். இங்கே வந்ததிலிருந்து காரம் என்ற ஒன்றை நாக்கு பார்க்கவில்லை. தோழிக்குக் கண் கலங்கியது மிளகாலா என்று நான் கேட்கவில்லை.

அவர் மகனுக்குப் பத்து வயதிருக்கும். அரிசியைக் குங்குமப்பூவோடு வேகவைத்து, உள்ளே இறைச்சி வைத்து உருட்டிப் பொரிக்கும் அரஞ்சினாவை எங்கே சாப்பிடலாம் என்று கேட்டேன். முதலில் வடிவத்தைப் பார் என்றான். "கூராக இருந்தால் கத்தானியா ஊர்க்காரர் செய்தது. எங்களது உருண்டை." டிசம்பர் 13 புனித லூசியா நாளில் இங்கே யாரும் ரொட்டியும் பாஸ்தாவும் தொட மாட்டார்கள், நாள் முழுக்க அரஞ்சினாதான், போன வருடம் தான் ஐந்து தின்றதாகவும் சொன்னான். அம்மா மூன்று என்று திருத்தினார்.

இறங்கி வந்து அவன் சொன்ன கடையில் உருண்டை வாங்கினோம். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்த வகை தோழிக்கு, இறைச்சியும் பட்டாணியும் எனக்கு. ஒன்றே ஒரு வேளைச் சாப்பாடு. முதல் நாள் வேறு ஒரு கடையில், பெயர் வேண்டாம், நடுவில் ஐஸ் கரையாத ஒன்றைத் தந்தார்கள்; சுற்றுலாப் பயணிகளுக்காகப் படம் போட்ட மெனு வாசலில் நிற்கும் இடங்களைத் தவிர்க்கலாம்.

திங்கள், நவம்பர் 3

காலை கபோ சந்தையில் உப்பில் போட்ட கேப்பரும் காம்போடு கட்டிய உலர் ஒரேகானோவும் வாங்கினோம். கேப்பரைச் சமைக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுக்க வேண்டும் என்று கடைக்காரர் கைச் சாடையிலேயே விளக்கினார். அங்கே ஓர் ஓரத்தில் ஃப்ரித்தோலா விற்பவர் நின்றார். கன்றின் குருத்தெலும்பும் கொழுப்பும் வறுத்த துணுக்குகளைத் துணி மூடிய கூடைக்குள் வைத்திருக்கிறார். துணியைத் திறப்பதே இல்லை. கையை உள்ளே விட்டு எடுத்துக் காகிதத்தில் போட்டுத் தருகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை. வாங்கினேன். மிளகும் எலுமிச்சையும் போட்ட கொழுப்பு, கொஞ்சம் ரப்பர். இன்னொரு முறை வாங்க மாட்டேன், ஆனால் அந்தக் கை துணிக்குள் போய் வரும் வேகத்தை இன்னொரு முறை பார்ப்பேன்.

மதியப் பஸ்ஸில் மேற்குக் கரையில் இருக்கும் திராப்பானிக்குக் கிளம்புகிறோம். அங்கே ஆப்பிரிக்கக் கரையின் சாயலில், ரவையைக் கையால் உருட்டி ஆவியில் வேகவைத்து மீன் சாறு ஊற்றிய கூஸ்கூஸ். தோழிக்கு அதில் என்ன கிடைக்கும் என்று விடுதிக்காரருக்கு எழுதிக் கேட்டிருந்தாள். இப்போதுதான் பதில் வந்தது: கவலை வேண்டாம், கத்தரிக்காய் இருக்கிறது.